ஸ்கிரீன் ரீடர்ல நெட் பேங்கிங், ஐடிஆர்: எந்த பிரவுசர் உங்களுக்கு சரியா வரும்?



எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், ஓல்டு ரெஜிமா நியூ ரெஜிமான்னு நம்ம சேனல்ல நிறைய பேசியாச்சு. எல்லா வீடியோலயும் கடைசியில நான் சொல்ற ஒரு வரி உண்டு: "லாகின் பண்ணி நீங்களே ஒரு தடவை செக் பண்ணிடுங்க." பார்வைக் குறைபாடு உள்ள ஒருத்தருக்கு அந்த ஒரு வரிதான் பெரிய தடை. சம்பளம் அவரோட அக்கவுன்ட்டுக்குத்தான் வருது. ஆனா பேலன்ஸ் பார்க்க தம்பியைக் கூப்பிடணும், எஃப்டி போட ரூம்மேட்டைக் கூப்பிடணும், ஐடிஆர் ஃபைல் பண்ண ஆபீஸ் நண்பர்கிட்ட பாஸ்வேர்டைக் கொடுக்கணும்.

உதவி பண்றவங்க நல்லவங்களாவே இருக்கட்டும். பணக் கணக்குல இதுக்கு ஒரு விலை இருக்கு. உங்க தப்பும் பேங்க் தப்பும் இல்லாம வெளியில எங்கேயோ நடந்த மோசடின்னா, மூணு வேலை நாளுக்குள்ள பேங்க்கிட்ட சொல்லிட்டா உங்களுக்கு நஷ்டம் பூஜ்யம்னு 2017 ஜூலையில ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை போட்டுச்சு. அதே சுற்றறிக்கையில இன்னொரு வரியும் இருக்கு. பாஸ்வேர்டு, பின் மாதிரி விவரங்களை வாடிக்கையாளரே யார்கிட்டயாவது பகிர்ந்து அதனால நஷ்டம் வந்தா, அவர் பேங்க்குக்கு தகவல் சொல்ற வரைக்குமான முழு நஷ்டமும் அவர் தலையிலதான். "எனக்குக் கண் தெரியாது, அதனால கொடுத்தேன்"ங்கிறதுக்கு அந்த வரில தனி விலக்கு எதுவும் இல்ல.

அதனால இன்னைக்கு ஃபண்டு, பாலிசி எல்லாத்தையும் ஓரமா வெச்சுட்டு பிரவுசர் பத்திப் பேசப் போறோம். நான் சிஏ, சாஃப்ட்வேர் ஆள் கிடையாது. என்கிட்ட வருஷா வருஷம் ரிட்டர்னுக்கு வர்ற ஒரு க்ளையன்ட் முழுசா பார்வை இல்லாதவர், ஐடி கம்பெனில டெஸ்டிங் வேலை. ஹெட்ஃபோனை ஒரு காதுல மட்டும் மாட்டிக்கிட்டு என் எதிர்ல உட்காருவார். நான் மவுஸைத் தேடி எடுக்கிறதுக்குள்ள டிடிஎஸ் எவ்வளவுன்னு சொல்லிடுவார். அவர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சதும், ஸ்கிரீனை மறைச்சுட்டு நானே சில வாரம் உட்கார்ந்து பார்த்ததும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை. உங்களுக்குப் பார்வைப் பிரச்சினை இல்லைன்னாலும் படிங்க. உங்க டீம்லயோ வீட்டுலயோ யாருக்காவது உதவும்.

பிரவுசருக்கும் ஸ்கிரீன் ரீடருக்கும் என்ன சம்பந்தம்?

ஸ்கிரீன் ரீடர்னா திரையில இருக்கிறதைக் குரல்ல படிச்சுக் காட்டுற சாஃப்ட்வேர். பிரெய்ல் டிஸ்ப்ளே இருந்தா அதுலயும் கொடுக்கும். நிறைய பேர் நினைக்கிற மாதிரி அது திரையைப் "பார்த்து" படிக்கிறதில்ல.

டாலில என்ட்ரி போட்டவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். நீங்க வவுச்சர் போடுறீங்க. லெட்ஜர், டே புக், ட்ரையல் பேலன்ஸ் எல்லாம் அதுல இருந்து தானா வருது. வெப்சைட்லயும் அதே கதைதான். சைட்டை உருவாக்கினவர் எழுதின கோடு வவுச்சர். அதை வெச்சு பிரவுசர் ரெண்டு ரிப்போர்ட் தயார் பண்ணுது. ஒண்ணு கண்ணுக்குத் தெரியுற பக்கம். இன்னொண்ணு உள்ளுக்குள்ள இருக்கிற ஒரு பட்டியல்: இது தலைப்பு, இது லிங்க், இது பாஸ்வேர்டு பெட்டி, இது இன்னும் டிக் பண்ணாத செக்பாக்ஸ், இது டேபிளோட மூணாவது காலம். அந்தப் பட்டியலுக்கு ஆக்சஸிபிலிட்டி ட்ரீன்னு பேர். ஸ்கிரீன் ரீடர் வாங்கிப் படிக்கிறது இந்த ரெண்டாவது ரிப்போர்ட்டை.

அப்போ தப்பு நடக்க ரெண்டு இடம் இருக்கு. வவுச்சரே தப்புன்னா, அதாவது பட்டனுக்குப் பேரே வைக்காம சைட் கட்டியிருந்தா, எந்த பிரவுசர் போட்டாலும் "பட்டன்... பட்டன்... பட்டன்"னுதான் கேட்கும். வவுச்சர் சரியா இருந்தும் பிரவுசர் ரிப்போர்ட்டை மெதுவாவோ அரைகுறையாவோ கொடுத்தா, பிரவுசரை மாத்தினாலே வேலை முடிஞ்சது. எது எங்க நடக்குதுன்னு கண்டுபிடிக்கத் தெரிஞ்சா பாதி டென்ஷன் போயிடும்.

ஜோடி பொருத்தம்

"பெஸ்ட் பிரவுசர் எது?"ன்னு தனியா கேட்டா பதில் கிடையாது. உங்க ஸ்கிரீன் ரீடரோட சேர்த்துத்தான் கேட்கணும்.

விண்டோஸ் லேப்டாப்னா என்விடிஏ-ல இருந்து ஆரம்பிங்க. இலவசம், ஓப்பன் சோர்ஸ். 2006-ல ஆஸ்திரேலியாவுல மைக்கேல் கரன்னு பார்வையில்லாத ஒருத்தர் ஆரம்பிச்சது. "விலை கொடுத்து வாங்க முடியாதவங்க என்ன பண்ணுவாங்க?"ங்கிற கேள்விதான் அதுக்குக் காரணம். சம்பளம் வர ஆரம்பிச்ச முதல் வருஷத்துல இருக்கிறவங்களுக்கு இதைவிட நல்ல டீல் கிடையாது. இதோட குரோம் அல்லது ஃபயர்பாக்ஸ், ரெண்டுமே நல்லா வரும். ஜாஸ் காசு கொடுத்து வாங்குற சாஃப்ட்வேர். ஆபீஸ்ல லைசென்ஸ் கொடுத்திருந்தா குரோம் இல்லேன்னா எட்ஜோட ஓட்டுங்க. விண்டோஸோடயே வர்ற நெரேட்டருக்கு எட்ஜ்தான் இயல்பான ஜோடி. கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூணையும் சேர்த்து அழுத்தினா அது பேச ஆரம்பிச்சுடும். புது மெஷின்ல எதையும் இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி கைகொடுக்க அது போதும்.

மேக்ல வாய்ஸ்ஓவரோட சஃபாரி. ரெண்டையும் ஒரே கம்பெனி செய்யுறதால ஒண்ணுக்கொண்ணு பழகினது. ஐபோன்ல நீங்க ரொம்ப யோசிக்கவே வேண்டாம். இந்தியாவுல கிடைக்கிற ஐபோன் பிரவுசர் எல்லாத்துக்கும் உள்ள ஓடுறது சஃபாரியோட இன்ஜின்தான், பேர் குரோம்னு இருந்தாலும். ஆண்ட்ராய்டுல டாக்பேக்கோட குரோம்.

வெப்எய்ம்னு அமெரிக்காவுல ஒரு அமைப்பு ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துறவங்ககிட்ட அப்பப்போ சர்வே எடுக்குது. 2023 டிசம்பர், 2024 ஜனவரியில எடுத்ததுல 1,539 பேர் பதில் சொன்னாங்க. பாதிக்கும் கொஞ்சம் மேல குரோம். அப்புறம் எட்ஜ், அப்புறம் ஃபயர்பாக்ஸ். பதில் சொன்னதுல பெரும்பாலானவங்க வட அமெரிக்கா, ஐரோப்பா ஆட்கள். அதனால அதை வேதவாக்கா எடுக்காதீங்க. நம்ம ஊர் பேங்க் சைட் எப்படி நடந்துக்குதுன்னு அந்த சர்வேக்குத் தெரியாது.

ஃபயர்பாக்ஸ் பத்தி ஒண்ணு சொல்லணும். 2017 நவம்பர்ல ஃபயர்பாக்ஸ் 57 வந்தப்போ உள்கட்டமைப்பையே மாத்தினாங்க. எல்லாருக்கும் வேகமாச்சு. ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்தினவங்களுக்கு மட்டும் தலைகீழா நடந்து, பக்கம் திறந்தா நிக்க ஆரம்பிச்சது. பலர் பழைய 52 வெர்ஷன்லயே தங்கிட்டாங்க, இல்லேன்னா குரோமுக்கு மாறிட்டாங்க. அப்புறம் 2023 மே மாசம் 113-ஆவது வெர்ஷன்ல ஆக்சஸிபிலிட்டி இன்ஜினையே புதுசா எழுதிப் போட்டாங்க. அந்த வேலையில முக்கியமானவர் ஜேம்ஸ் டே. மைக்கேல் கரனோட சேர்ந்து என்விடிஏ-வை வளர்த்த அதே ஆள், அவருக்கும் பார்வை கிடையாது. இப்போ பெரிய பெரிய டேபிள் இருக்கிற பக்கத்துலயும் ஃபயர்பாக்ஸ் நல்லாவே ஓடுது. இந்தக் கதையை எதுக்கு சொல்றேன்னா, "ஃபயர்பாக்ஸ் ஸ்லோ, வேண்டாம்"னு யாராவது சொன்னா, அவங்க எந்த வருஷத்து அனுபவத்தை சொல்றாங்கன்னு கேளுங்க. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எழுதின ஃபண்டு ரிவ்யூவைப் படிச்சுட்டு இன்னைக்கு யாரும் முதலீடு பண்ண மாட்டோம் இல்லையா?

என் சிபாரிசு: ரெண்டு பிரவுசர் வெச்சுக்கோங்க. விண்டோஸ்னா குரோமும் ஃபயர்பாக்ஸும். குரோம், எட்ஜ் ரெண்டும் வேண்டாம். 2020 ஜனவரியில இருந்து எட்ஜுக்கு உள்ள இருக்கிறது குரோமியம்தான், அதனால ஒண்ணுல ஒரு பக்கம் மக்கர் பண்ணினா இன்னொண்ணுலயும் அதே மக்கர் வர வாய்ப்பு அதிகம். ஒரே ஸ்டாக்ஸை வெச்சிருக்கிற ரெண்டு ஃபண்டு வாங்குறதை டைவர்சிஃபிகேஷன்னு சொல்ல முடியாது. அதே லாஜிக்தான் இங்கயும்.

பணப் பக்கத்துல எதை டெஸ்ட் பண்ணணும்

யூடியூப் ஓடுதா, நியூஸ் படிக்குதான்னு பார்த்து பிரவுசரை முடிவு பண்ணாதீங்க. உங்க சம்பள அக்கவுன்ட் இருக்கிற பேங்க் சைட், இன்கம்டேக்ஸ் போர்ட்டல், ஆபீஸ் பேரோல் போர்ட்டல், இந்த மூணையும் ரெண்டு பிரவுசர்லயும் திறந்து பாருங்க. ஜூலை கடைசி வாரம் வேண்டாம், இப்பவே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

கீ விஷயத்துல ஒரு அடிப்படை. என்விடிஏ-ல பக்கத்தை மேயறதுக்கு ஒரு மோடு, டைப் பண்றதுக்கு ஒரு மோடு. மேயுற மோடுல எச் அழுத்தினா அடுத்த தலைப்பு, பி அழுத்தினா அடுத்த பட்டன், இ அழுத்தினா அடுத்த எழுதுற பெட்டி, கே அழுத்தினா அடுத்த லிங்க். பெட்டிக்கு வந்து என்டர் தட்டினா டைப் மோடுக்கு மாறும், ஒரு சின்ன சத்தமும் வரும். அந்த சத்தம் வராம பாஸ்வேர்டு அடிச்சா எழுத்து பெட்டில விழாது, பக்கத்துல எங்கேயோ தாவிக்கிட்டிருப்பீங்க. பாஸ்வேர்டு தப்பாயிடுச்சுன்னு அக்கவுன்ட் லாக் ஆகுற வரைக்கும் போறவங்க உண்டு. கையால மாத்தணும்னா இன்சர்ட்டும் ஸ்பேஸும். புதுசா ஆரம்பிக்கிறவங்க முதல்ல இதை மட்டும் பழகினா போதும், மத்தது தானா வரும்.

லாகின் பக்கம். ஒவ்வொரு பெட்டிக்கு வரும்போதும் "யூசர் ஐடி", "பாஸ்வேர்டு"ன்னு பேர் சொல்லுதா? "எடிட், பிளாங்க்"னு மட்டும் சொன்னா அந்த பிரவுசர்ல அந்த சைட் ஃபெயில். கேப்ட்சாவுக்கு ஆடியோ இருக்கா, அதைக் கேட்கும்போது ஸ்கிரீன் ரீடரும் சேர்ந்து பேசிக் குழப்புதான்னு பாருங்க. குழப்பினா கன்ட்ரோல் கீயை ஒரு தட்டு தட்டுங்க, ஸ்கிரீன் ரீடர் வாயை மூடிக்கும்.

அடுத்தது ஸ்டேட்மென்ட். ஒரு சிஏ-வா எனக்கு இதுதான் முக்கியம். டேபிளுக்குத் தாவ டேபிளோட முதல் எழுத்தான டி. உள்ள போனதும் கன்ட்ரோல், ஆல்ட் ரெண்டையும் பிடிச்சுக்கிட்டு அம்புக்குறி. வலப்பக்கம் நகர்ந்தா "டெபிட், 4,500", இன்னும் நகர்ந்தா "பேலன்ஸ், 31,200"னு காலம் தலைப்போட சேர்த்து வரணும். வெறும் "4,500"னு வந்தா அது உள்ள வந்ததா வெளிய போனதான்னு எப்படித் தெரியும்? சில சைட்ல டெபிட்டை சிவப்பு, கிரெடிட்டை பச்சைன்னு கலர்லதான் பிரிச்சிருப்பாங்க. கலரை ஸ்கிரீன் ரீடர் தானா சொல்லாது. ரெண்டு பிரவுசர்லயும் இப்படித்தான்னா போராடாதீங்க, ஸ்டேட்மென்ட்டை எக்செல்லா டவுன்லோடு பண்ணிடுங்க. பெரும்பாலான பேங்க்ல அந்த ஆப்ஷன் உண்டு. எக்செல்ல ஒவ்வொரு செல்லும் தெளிவா கேட்கும், கூட்டியும் பார்க்கலாம்.

அதோட சேர்த்து ஒரு சின்ன டெஸ்ட். நோட்பேடுல 1,50,000-ன்னு அடிச்சுட்டு கேளுங்க. நம்ம ஊர் கமா முறையைப் பழகாத குரல்னா "ஒன், ஃபிஃப்டி, ஸீரோ ஸீரோ ஸீரோ"ன்னு துண்டு துண்டா உடைச்சிடும். அப்படி வந்தா குரலை மாத்துங்க. விண்டோஸ்ல இந்திய இங்கிலீஷ் குரலும் இருக்கு, தமிழுக்கு "வள்ளுவர்"னே ஒரு குரல் இருக்கு. மொழி செட்டிங்ல போய் சேர்த்துக்கணும். லட்சக் கணக்கு காதுல சரியா விழலைன்னா மத்த எதுவும் பிரயோஜனமில்ல.

கடைசியா, பணம் அனுப்புற பக்கம். இங்கதான் நிஜமான காசு போகும். "பே" பட்டனை அழுத்தினதும் கண் தெரியுறவங்களுக்கு ஒரு வட்டம் சுத்தும், அப்புறம் பச்சை டிக் வரும். சைட்ல அந்த அறிவிப்பை சரியா குறிச்சிருந்தா ஸ்கிரீன் ரீடர் தானா "பேமென்ட் சக்சஸ்ஃபுல்"னு சொல்லும். குறிக்கலைன்னா அமைதி. அந்த அமைதியில திரும்ப ஒரு தடவை என்டர் தட்டினா ரெண்டு தடவை பணம் போக வாய்ப்பு இருக்கு. அதனால அமைதியா இருந்தா மறுபடி அழுத்தவே அழுத்தாதீங்க. இன்சர்ட்டும் டேபிளோட டி-யும் சேர்த்து அழுத்தினா பக்கத்தோட பேரை சொல்லும், மாறியிருக்கான்னு கேளுங்க. எச் தட்டி தலைப்புகளை ஒரு சுத்து பாருங்க. ஃபோன்ல எஸ்எம்எஸ் வந்திருக்கான்னு பாருங்க. அப்புறமும் சந்தேகம்னா மினி ஸ்டேட்மென்ட். டெஸ்ட் பண்ணும்போது உங்களோட இன்னொரு அக்கவுன்ட்டுக்கு 1 ரூபாய் அனுப்பிப் பாருங்க. எந்த பிரவுசர்ல சத்தமா சொல்லுதோ அதுதான் உங்க பேமென்ட் பிரவுசர்.

பேரோல் போர்ட்டலை ஏன் விடக்கூடாது

டிக்ளரேஷன் ஃபார்ம் சரியா படிக்கலைன்னு காலியா விட்டுட்டு வந்தா, அது நேரா உங்க வரியில போய் நிக்கும். 2025-26 நிதியாண்டுக் கணக்குல பார்வையற்ற, செவித்திறனற்ற, கை கால் இயக்கக் குறைபாடுள்ள ஊழியர்களுக்கு டிரான்ஸ்போர்ட் அலவன்ஸ்ல மாசம் 3,200 ரூபாய் வரைக்கும் வரி கிடையாது. நியூ ரெஜிம்லயும் இது உண்டு, நிறைய ஹெச்ஆருக்கே இது தெரியாது. வருஷத்துக்கு 38,400. 20% ஸ்லாப்ல இருந்தா செஸ்ஸோட சேர்த்து கிட்டத்தட்ட 7,987 ரூபாய் மிச்சம். ஆனா சம்பள அமைப்புல அந்த அலவன்ஸ் இருந்தாதான் கிடைக்கும், ரிட்டர்ன் ஃபைல் பண்ணும்போது புதுசா உருவாக்க முடியாது. ஓல்டு ரெஜிம்ல இருக்கிறவங்களுக்கு 80யு தனி: 40% குறைபாட்டுக்கு 75,000, 80%-க்கும் அதுக்கு மேலயும் 1,25,000. புது வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1-ல இருந்து நடைமுறைக்கு வந்துடுச்சு, செக்‌ஷன் நம்பரெல்லாம் மாறிடுச்சு. அதனால அந்தந்த வருஷத்துத் தொகையை பேரோல் டீம்கிட்ட ஒரு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கோங்க.

பேஸ்லிப் பிடிஎஃப்பைத் திறந்தா "எம்ப்டி டாக்குமென்ட்"னு வருதா? யாரோ பிரின்ட் எடுத்து ஸ்கேன் பண்ணி அனுப்பியிருக்காங்க. படத்துல இருந்து எழுத்தைப் படிக்க என்விடிஏ-ல இன்சர்ட்டும் ஆரும் சேர்த்து அழுத்தலாம், விண்டோஸோட எழுத்தறியும் வசதி வேலை செய்யும். அவசரத்துக்கு ஓகே. ஆனா அதுல 8 ஒண்ணு 3 ஆகலாம், புள்ளி காணாமப் போகலாம். வரி போடுற எண்ணை அதை நம்பி எடுக்காதீங்க, பேங்க்ல வந்த கிரெடிட்டோடயும் ஃபார்ம் 16-ஓடயும் ஒத்துப் பாருங்க. ஹெச்ஆர்ல இருக்கிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சாஃப்ட்வேர்ல இருந்து நேரா பிடிஎஃப்பா சேவ் பண்ணி அனுப்புங்க. உங்களுக்கு அது ஒரு கிளிக், அவ்வளவுதான்.

ஆபீஸ் லேப்டாப்ல எதையும் இன்ஸ்டால் பண்ண விட மாட்டாங்கன்னு சொல்றீங்களா? ஐடி டீம்கிட்ட வாய்வழியா கேட்காம மெயில்ல கேளுங்க. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-படி ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை வெச்சிருக்கணும். 20 பேர், அதுக்கு மேல வேலை பார்க்கிற தனியார் கம்பெனின்னா அந்தக் கொள்கையில உதவி சாதனங்கள் பத்தியும் இருக்கணும்னு 2017 விதிகள் சொல்லுது. "கம்பெனியோட ஈக்வல் ஆப்பர்சூனிட்டி பாலிசிப்படி என்விடிஏ-வும் ரெண்டாவது பிரவுசரும் வேணும்"னு ஒரு வரி எழுதினா பேச்சே வேற மாதிரி போகும். என்விடிஏ-க்கு பென் டிரைவ்ல போட்டு ஓட்டுற போர்ட்டபிள் வடிவமும் உண்டு. ஆனா பென் டிரைவ் பூட்டின ஆபீஸ்ல அதையும் அனுமதி வாங்கித்தான் போடணும்.

காதால போடுற பூட்டு

பாதுகாப்பு விஷயத்துல ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துறவங்களுக்கு சில தனிப்பட்ட ஆபத்து உண்டு, சில தனிப்பட்ட வசதியும் உண்டு.

போலி சைட்டோட லோகோ கோணலா இருக்கு, கலர் மங்கலா இருக்குன்னு கண் தெரியுறவங்க சில சமயம் கண்டுபிடிப்பாங்க. காதுக்கு அந்த க்ளூ கிடையாது. அதனால முகவரியைக் கேட்கிறதைப் பழக்கமாக்குங்க. கன்ட்ரோலும் எல்-லும் அழுத்தினா முகவரிப் பெட்டிக்குப் போகும், அங்க இருந்து எழுத்து எழுத்தா கேட்கலாம். ரிசர்வ் வங்கி சொன்னபடி நம்ம ஊர் பேங்க்கெல்லாம் "டாட் பேங்க் டாட் இன்"னு முடியுற முகவரிக்கு மாறணும், அதுக்குக் கொடுத்த கெடு 2025 அக்டோபர் 31. இது பார்வையில்லாதவங்களுக்குக் கிடைச்ச நல்ல வசதின்னு நான் நினைக்கிறேன். பேரோட கடைசியில அந்த நாலு சொல் காதுல விழலைன்னா பாஸ்வேர்டு பெட்டிக்கே போகாதீங்க.

இதைவிட வலுவான காவல், பாஸ்வேர்டு மேனேஜர். பிரவுசர்ல இருக்கிறதே போதும். உண்மையான சைட்ல சேவ் பண்ண பாஸ்வேர்டை அது போலி முகவரியில நிரப்பாது. எப்பவும் தானா நிரம்புற பெட்டி ஒருநாள் காலியா கேட்டா, அங்கயே நிறுத்துங்க. சில பேங்க் சைட் இதை சேவ் பண்ணவே விடாது, அங்க முகவரி கேட்கிறது ஒண்ணுதான் வழி. லேப்டாப்புக்கு விண்டோஸ் பின் கட்டாயம் இருக்கணும், இல்லேன்னா எல்லா பாஸ்வேர்டையும் திறந்த அலமாரில வெச்ச மாதிரி ஆயிடும்.

ஹெட்ஃபோன் இல்லாம பேங்க் பக்கம் திறக்காதீங்க. பாஸ்வேர்டு அடிக்கும்போது "ஸ்டார், ஸ்டார்"னுதான் சொல்லும். ஆனா ஓடிபி, பேலன்ஸ் எல்லாம் ஊருக்கே கேட்கும். ஒரு காது வெளியில இருக்கிறது நல்லது, சுத்தி என்ன நடக்குதுன்னு தெரியணும். பின்னாடி நின்னு பார்க்கிறவங்களுக்கு வேற வழி இருக்கு: என்விடிஏ-ல இன்சர்ட், கன்ட்ரோல், எஸ்கேப் மூணும் சேர்த்தா ஸ்கிரீன் கர்ட்டன் விழும். திரை கருப்பாயிடும், உங்களுக்கு மட்டும் எல்லாம் கேட்டுக்கிட்டே இருக்கும். பஸ்ல பக்கத்து சீட்ல எட்டிப் பார்க்கிறவர்கிட்ட இருந்து என்னால இப்படித் தப்பிக்க முடியாது, பொறாமையாத்தான் இருக்கு!

பேங்க் வேலைக்குன்னு பிரவுசர்ல தனி ப்ரொஃபைல் வெச்சு, அதுல எக்ஸ்டென்ஷன் எதுவும் போடாதீங்க. "படிக்க உதவும்"னு சொல்ற எக்ஸ்டென்ஷனா இருந்தாலும் சரி. பக்கத்தைப் படிக்க அனுமதி கேட்கிறது உங்க பேலன்ஸையும் படிக்கும். "ஸ்கிரீன் ரீடர் செட் பண்ணித் தரேன், உங்க கம்ப்யூட்டரை ரிமோட்ல ஷேர் பண்ணுங்க"ன்னு தெரியாதவங்க யார் கூப்பிட்டாலும் கட் பண்ணிடுங்க.

ரெண்டு பிரவுசர்லயும் ஊமைன்னா?

முதல்ல பிரவுசரை முழுசா மூடிட்டு, ஸ்கிரீன் ரீடர் ஓடிக்கிட்டிருக்கும்போது திரும்பத் திறங்க. பிரவுசர், ஸ்கிரீன் ரீடர் ரெண்டும் அப்டேட் ஆகியிருக்கான்னு பாருங்க. அப்புறமும் ரெண்டுலயும் அதே பட்டன் அதே மாதிரி பேர் இல்லாம இருந்தா, தப்பு உங்க மேலயும் இல்ல, பிரவுசர் மேலயும் இல்ல. வவுச்சர் தப்பு. புகார் எழுதுங்க.

"என்னால முடியல, உதவி பண்ணுங்க"ன்னு எழுதினா "பிராஞ்சுக்கு வாங்க"ன்னு பதில் வரும். அதுக்கு பதிலா டெவலப்பர் கையில போய் சேர்ற மாதிரி எழுதுங்க: எந்தப் பக்கம், எந்த தேதி, என்விடிஏ எந்த வெர்ஷன், குரோம் எந்த வெர்ஷன், ஃபயர்பாக்ஸ் எந்த வெர்ஷன், என்ன சொல்லணும், என்ன சொல்லுது. உதாரணமா: "பயனாளி சேர்க்கும் பக்கத்தில் உறுதி செய்யும் பட்டன் இரண்டு பிரவுசரிலும் 'பட்டன்' என்று மட்டும் கேட்கிறது, பெயர் இல்லை. ஓடிபி பெட்டிக்குக் கீபோர்டு மூலம் போக முடியவில்லை." ரெண்டு பிரவுசர்லயும் பார்த்தேன்னு எழுதுறது முக்கியம். "பிரவுசரை மாத்திப் பாருங்க"ன்னு சொல்லி மூட முடியாது.

இதை சலுகையா கேட்க வேண்டியதில்ல. 2025 ஏப்ரல் 30-ல உச்ச நீதிமன்றம் பிரக்யா பிரசூன் வழக்குல தீர்ப்பு சொல்லிச்சு. ஆசிட் தாக்குதல்ல பாதிக்கப்பட்டவங்களும் பார்வையில்லாத ஒருத்தரும் போட்ட மனுக்கள். டிஜிட்டல் கேஒய்சி-ல கேமரா முன்னாடி கண் சிமிட்டச் சொன்னா இவங்க எப்படி செய்வாங்கங்கிறதுதான் பிரச்சினை. டிஜிட்டல் சேவைகளை அணுகுறது அரசியல் சாசனம் 21-ஆவது பிரிவு தர்ற வாழ்வுரிமையோட பகுதின்னு சொல்லி, நீதிமன்றம் 20 உத்தரவுகள் கொடுத்துச்சு. அதே வருஷம் ஜூலை 31-ல செபி தன் கட்டுப்பாட்டுல இருக்கிற புரோக்கர், மியூச்சுவல் ஃபண்டு கம்பெனி எல்லாரும் அவங்க சைட்டையும் ஆப்பையும் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்துற மாதிரி செய்யணும்னு சுற்றறிக்கை போட்டுச்சு. புகார்ல இந்த ரெண்டு தேதியையும் சேர்த்துடுங்க.

பேங்க்கோட குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி புகார் எண் வாங்கிக்கோங்க. 30 நாள்ல பதில் வரலைன்னாலோ, பதில் திருப்தியா இல்லைன்னாலோ ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. டீமேட், மியூச்சுவல் ஃபண்டுன்னா செபியோட ஸ்கோர்ஸ். என் க்ளையன்ட் இப்படி ஒரு பேங்க்குக்கு எழுதினார். முதல் பதில் வழக்கம் போல "கேஷேயைக் க்ளியர் பண்ணிப் பாருங்க". அவர் அதே மெயிலுக்கு வெர்ஷன் எண்களோட ரெண்டாவது தடவை பதில் போட்டார். ரெண்டு மாசம் கழிச்சு அந்த பட்டனுக்குப் பேர் வந்துச்சு. ஓடிபி பெட்டி இன்னும் அப்படியேதான் இருக்கு. ஆம்புட்ஸ்மேன் புகாரை அவரே டைப் பண்ணி, அவரே சப்மிட் பண்ணியிருக்கார், ஃபயர்பாக்ஸ்ல.